கூச்ச சுபாவமுள்ள பைன் மரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு உங்கள் தங்கையும் அவள் கோபமும் சௌக்கியம். அங்கு அனைவரின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த விலங்குப் பூங்கா பெயின்டர் வேலைக்கு ஆபத்து வந்திருப்பதை வேறு யாரும் உங்கள் காதில் போடும் முன் நானே எழுதுகிறேன். போன வாரம் இரண்டு பலகை எழுதினேன். புதிதாக வந்த வெளிநாட்டு இரலை மானுக்கு, 'அழிந்துவரும் இனம். உலகில் சில நூறு மட்டுமே மிச்சம். கூச்ச சுபாவம். சத்தம் போடாதீர்கள்.' அதன் எதிரே நிற்கும் பைன் மரத்துக்கு, 'மலைகளில் எங்கும் காணப்படும். கட்டில், மேசை செய்ய உகந்தது.' பெயரை மட்டும் இயக்குநர் லத்தீனில் எழுதச் சொன்னார், அது அவருக்கே புரியாது. எழுத்தில் பிழை கிடையாது. ஆனால் கீறல் விழக் கூடாதென்று செய்தித்தாளில் சுற்றியபடியே நட்டேன், மைத்துனரே, அங்கேதான் இரண்டும் இடம் மாறிவிட்டன.

மறுநாள் போனால் மரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு அம்மா பிள்ளையை அதட்டுகிறார்: "மெதுவாப் பேசு, அதுக்குக் கூச்சமாம்." ஒருவர் சத்தியம் செய்கிறார்: "இப்பதான் அசைஞ்சுது, என் கண்ணால பார்த்தேன்." மான் கூண்டுப் பக்கம் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும். அந்தப் பெண், "கட்டிலுக்கு இந்தக் கால் தாங்குமா?" என்று கேட்க, அவர் யோசித்துவிட்டு, "வேற பார்க்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "பலகையைப் பிடுங்குய்யா." நான் குனிந்ததும் மிருக வைத்தியர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. மூணு வாரமா கூட்டத்துக்குப் பயந்து மூலையிலயே கிடந்துச்சு. அங்க பாருங்க." ஆளில்லாத கூண்டில் மான் நடுவே வந்து நின்று தழை தின்றுகொண்டிருந்தது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. அந்த அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இருந்தும் இயக்குநர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். மானமுள்ளவன் நான், ராஜினாமா எழுதிவிட்டேன். உங்கள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை ஏதாவது இருந்தால் தயவு பண்ணவும். மனதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: இயக்குநர் இப்போதுதான் ஆள் அனுப்பினார். கூச்சப்படும் மிருகங்கள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி மரத்தோடு இடம் மாற்றிய பலகை வேண்டுமாம். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன், மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். கரடிக்கு எந்த மரம் பொருந்தும் என்று மட்டும் உடனே எழுதவும்.