ஸ்டோர் ரூமில் ஐந்து பாலிகை

எனக்குப் பேய் பயம் கிடையாது. வண்டு பயம் உண்டு. பருப்பு டப்பாவைத் திறக்கும்போது ஒரே ஒரு வண்டு ஊர்ந்தால் போதும், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இந்த அற்ப பயத்தால் என் நாத்தனார் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் பக்கம் எங்கள் வீடு. எங்கள் ஏரியாவில் புயல் என்று டிவியில் சொன்னால் குடையைத் தேடமாட்டார்கள், வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவார்கள். ஒரு வருஷம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து மூன்று நாள் மாடிப்படியிலேயே குடும்பம் நடத்தினோம். நாலு பேருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். தண்ணீர் வடிந்த அன்றே சபதம் போட்டேன், இனி இந்த வீட்டில் பசி என்ற பேச்சே வரக்கூடாது.

அப்படி உருவானதுதான் என் ஸ்டோர் ரூம். பின்பக்கம் இருந்த இருட்டறை அது. ஒரே ஒரு குட்டி ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அதில் அரிசி, பருப்பு, புளி, மெழுகுவர்த்தி, டார்ச், குளோரின் மாத்திரை, கயிறு, ஒரு விசில் எல்லாம் சேர்த்தேன். (விசில் யாரைக் கூப்பிட என்று என் கணவர் கேட்டார். இன்று வரை பதில் இல்லை.) போதாததற்குச் சமையலறை ஜன்னலோரம் பேப்பர் கப்பில் தக்காளி, கத்தரி, கீரை என்று விதை போட்டு நாற்று வளர்த்தேன். தெரு வாட்ஸப் குழுவில் "விதையை இப்படி ஊறவைக்கணும், அப்படி மூடிவைக்கணும்" என்று தினமும் ஒரு உபதேசம். அவ்வளவு மெத்தப் படித்தவள்.

வண்டு வராமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வாங்கிய தானியம் அத்தனையையும் பெரிய வாணலியில் போட்டு மணம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் அடைப்பது. பச்சைப்பயறு, கொள்ளு, மொச்சை, கோதுமை என்று ஒன்றையும் விடவில்லை. நெல்லைக்கூட வறுத்தேன். நாலு நெல் பொரியாகவே போயிற்று. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இப்போது ரேவதி. என் கணவரின் தங்கை. அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு நின்றுபோனது. அந்தப் பையன் வீட்டார் காரணமும் சொல்லவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதிலிருந்து என் மாமியார் சகுனம் பார்க்க ஆரம்பித்தார். பல்லி கத்தினால் நிற்பார், யாராவது தும்மினால் உட்காருவார். மறுபடி ஒரு நல்ல இடம் அமைந்து, கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம் குறித்தபோது, "இந்தத் தடவை ஒரு சின்னக் குறைகூட வரக்கூடாதுடி கலா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பாலிகை போடுவோம். ஐந்து மண் கிண்ணங்களில் மண் நிரப்பி, ஊறவைத்த நவதானியத்தைச் சுமங்கலிகள் விதைத்துப் பால் தெளிப்பார்கள். முளைத்துச் செழிப்பாக நின்றால் பெண்ணின் வாழ்வும் அப்படியே செழிக்கும் என்பார்கள். முளைக்காவிட்டால் என்ன என்பதை மட்டும் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை அடைமழை. நவதானியம் வாங்க மறந்துவிட்டது அப்போதுதான் அத்தைக்கு ஞாபகம் வந்தது. தெருவில் தண்ணீர், கடைகள் மூடியாயிற்று. அத்தை முகம் வெளுத்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எதுக்கு அத்தை கவலை? என்கிட்ட இல்லாததா?" என்றேன். ஒன்பது டப்பாவையும் வரிசையாக எடுத்து வைத்தபோது அத்தை கண் கலங்கினார். "நீ இந்த வீட்டு மகாலட்சுமிடி" என்றார். என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகக் கிடைத்த பட்டம் அது. (அதன் ஆயுள் மூன்று நாள்.)

தானியங்கள் ராத்திரி முழுக்க ஊறி மறுநாள் காலையில் கொழுகொழு என்று உப்பியிருந்தன. செத்த விதையும் ஊறும் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஐந்து பேர் பாட்டுப் பாடி விதைத்தார்கள். கிண்ணங்களை ஸ்டோர் ரூமில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினோம். "நீ மட்டும்தான் உள்ள போகணும். தண்ணி தெளிச்சிட்டு வந்துடணும். வேற யாரும் எட்டிப் பாக்கக்கூடாது" என்பது அத்தையின் கட்டளை.

திங்கட்கிழமை காலை போய்த் துணியை விலக்கினேன். ஒன்றும் இல்லை. முதல் நாள்தானே என்று தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். மதியம் மறுபடி போனபோது மண் மேலே எழும்பியிருந்தது. முளை எதையும் காணவில்லை, மண் மட்டும் உப்பி, நடுவில் பிளந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். பிளவுக்குள்ளிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கிண்ணத்தில் 'ப்ளக்'. உள்ளே யாரோ மூச்சு விடுகிறாற்போல் மண் லேசாக எழும்பி இறங்கியது. துணியை மூடிவிட்டு வெளியே வந்தால் அத்தை வாசலிலேயே நிற்கிறார்.

"எட்டிப் பாக்குதா?"

"பாக்குது அத்தை" என்றேன். பொய்யும் இல்லை. எதுவோ பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாலா அக்கா, காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "இன்னா கலா, உங்க பின்னாடி ரூம்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்லையேக்கா."

"மத்தியானத்துலேர்ந்து நறநறன்னு சத்தம் வந்துகினே கீது. எலியா இருந்தா ஓடும். இது ஒரே எடத்துல குந்திகினு பல்லைக் கடிக்கிறாப்ல கீது. கல்யாண வூடு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் ராத்திரித் தூக்கம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை துணியைத் தூக்கியதும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஐந்து கிண்ணத்திலும் மண்ணே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று மெல்லிய முடி முளைத்திருந்தது. நரைத்த தலைகள் ஐந்து மண்ணுக்குள்ளிருந்து மேலே வருகிறாற்போல. பூசணம்தான். அது என் மூளைக்குத் தெரிகிறது, முதுகுத்தண்டுக்குத் தெரியவில்லை. குச்சியால் ஒரு கொண்டைக்கடலையைத் தோண்டி எடுத்து நசுக்கினேன். கூழாக வழிந்தது. அந்த அழுகல் வாடைக்கு அடியில் ஒரு மணம் வந்தது. வறுத்த கடலை மணம்.

அட கடவுளே! அப்போதுதான் எனக்கு வாணலி ஞாபகம் வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வறுத்த விதை எந்தக் காலத்திலாவது முளைக்குமா? ஊறி அழுகிப் புளித்துத்தான் மண் உப்பி 'ப்ளக்' என்றிருக்கிறது. தெருவுக்கே விதைப் பாடம் எடுக்கிறேன், பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே! வெளியே அத்தை யாரிடமோ போனில், "பாலிகை நல்லா வந்திருக்காம். கலா சொன்னா. எனக்கு இப்பத்தான் உசுரே வந்துச்சு" என்று சொல்வது கேட்டது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் தாங்கமாட்டார். கல்யாணத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்.

அதனால் எல்லா முட்டாள்களும் செய்வதைத்தான் செய்தேன். மூடி மறைக்க முடிவெடுத்தேன்.

சமையலறையில் தளதளவென்று நின்றிருந்தவை தக்காளி நாற்றுகள் மட்டும்தான். கீரையை நத்தை தின்றிருந்தது, கத்தரி முளைக்கவே இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த சமயம் நாற்றுகளை ஒரு முறத்தில் வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். மணி மூன்றுதான். வானம் இருட்டிக்கொண்டு வந்ததில் ஆறரை மாதிரி இருந்தது. கரண்ட் வேறு போய்விட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பூசணம் பிடித்த மண்ணை வழித்துப் பையில் போட்டுவிட்டு, புது மண் போட்டு, தக்காளியை ஒவ்வொன்றாக நட்டேன். நாலு கிண்ணம் முடிந்தது.

அப்போது மூலையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். நற… நற… நற.

மாலா அக்கா சொன்ன அதே பல்லைக் கடிக்கிற சத்தம். டார்ச்சைத் திருப்பினேன். என் பெரிய தகர டின்கள் வரிசையாக நின்றன. அசைவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசி டின்னின் மூடி மேல் ஒரு செங்கல் வைத்திருந்தேன், எலி தள்ளாமலிருக்க. அந்தச் செங்கல் மெதுவாகச் சாய்ந்தது. தானாக. யாரோ உள்ளேயிருந்து இரண்டு கையாலும் மூடியைத் தூக்குகிறாற்போல.

'ரேவதி வேண்டாம். என்னை எடுத்துக்கோ' என்று மனசுக்குள் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் ஏதோ புகுந்துவிட்டது, அதை உள்ளே விட்டவள் நான்தான் என்று முழுசாக நம்பினேன்.

செங்கல் விழுந்தது. மூடி 'டமார்' என்று எகிறியது. டின்னுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாக எதுவோ பொங்கி வழிந்து என் காலைத் தொட்டது.

நான் போட்ட கூச்சலில் என் வாயிலிருந்த டார்ச் சுவரில் போய் அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கணவர், அத்தை, ரேவதி மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் வந்த என் கணவர் காலை வைத்ததும் சறுக்கிக்கொண்டே போய் அரிசி மூட்டை மேல் விழுந்தார். தரையெல்லாம் கொண்டைக்கடலை. சுவரோரம் கசிந்த மழைத்தண்ணீர் துருப்பிடித்த டின்னின் அடி ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கழுத்து வரை நான் அடைத்து வைத்த கடலை, இரண்டு நாளாக ஊறி ஊறி, இடம் பத்தாமல் தகரத்தை நெரித்துக்கொண்டு மூடியைத் தள்ளிவிட்டது. அதுதான் நறநற.

ஆனால் அத்தை கடலையைப் பார்க்கவில்லை. நாலு கிண்ணத்தில் தக்காளியையும், ஐந்தாவதில் வெள்ளை முடியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாணலி வரைக்கும். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "முளைக்கலையா… என் பொண்ணுக்கு முளைக்கலையா…" என்றார்.

மருதாணிக் கையை விரித்தபடி நின்ற ரேவதிதான் பேசினாள்.

"அம்மா, போன தடவை என்ன குறை வந்துச்சு? தேங்கா சரிபாதியா உடைஞ்சுது. பூ கேட்டோம், சாமி வலப்பக்கம் கொடுத்துச்சு. எல்லாம் நல்லாத்தானே நடந்துச்சு? அப்புறம் ஏன் நின்னுச்சு? இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. இது ஏன் முளைக்கலைன்னு எனக்குத் தெரியுதும்மா. அண்ணி வறுத்துட்டாங்க. காரணம் தெரிஞ்சா பயம் இல்லம்மா."

ரேவதி கீழே உட்கார்ந்து, மருதாணி அழிவதைப் பார்க்காமல், ஐந்தாவது கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "இதுலயும் நடுங்க அண்ணி."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் ஒரு செம்பில் பால் கொண்டுவந்து தக்காளிக்குத் தெளித்தார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் பாலிகையைப் பார்த்த புரோகிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, இது தக்காளியாட்டம் இருக்கே?"

"தக்காளிதான்" என்றார் அத்தை.

"நவதானியத்துல தக்காளி வராதேம்மா."

"எங்க வீட்ல வரும். எங்க வழக்கம். நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க சாமி."

அப்படிக் கூசாமல் பொய் சொல்லத் தெரிந்தவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆச்சரியமாகத் தலையாட்டி, குனிந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரேவதி நன்றாக இருக்கிறாள். மறைமலை நகரில் வீடு, புருஷனோடு தினமும் சண்டை, இரண்டு பிள்ளைகள். அதனால் வந்த வினைதான் எனக்கு. அவள் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் மாமியார் தன் அக்கா பெண் கல்யாணத்துக்குத் தக்காளி வைத்தார். அங்கே பார்த்தவர்கள் அவரவர் வீட்டில் வைத்தார்கள். இப்போது வருஷத்துக்கு நாலைந்து போன் வருகிறது.

போன மாதம் பம்மலிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் பேசினாள். "அக்கா, எங்க வீட்ல கல்யாணம். பாலிகைக்குத் தக்காளி நாத்து உங்க கையால வாங்கினாத்தான் முறையாமே? பெரியவங்க எல்லாம் சொல்றாங்க."

"வந்து வாங்கிட்டுப் போம்மா" என்றேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார், அந்தப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று:

"வறுக்காம குடுடி!"