முயல் கம்பவுண்டரும் மூக்கிரட்டை வேரும்

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் சித்தூரில் கலெக்டரின் மனசைப் படித்தவர்கள் பலர் இருந்தார்கள். முயலின் மூத்திரத்தைப் படித்தவர் ஒருவர்தான். எங்கள் தெருவில் குடியிருந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் முயல் கம்பவுண்டர்.

திருப்பதி மலையடிவாரத்திலிருந்து மூக்கிரட்டை வேர் வரவழைப்பார். நீர் பிரிய அது நல்லது என்று வைத்தியர்கள் சொன்னது அவருக்குப் போதவில்லை. "நல்லதுன்னா எவ்ளோ நல்லது? எவ்ளோ குட்த்தா கெட்டது?" என்பார். ஆறு முயல்களில் மூன்றுக்குக் கஷாயம், மூன்றுக்கு வெறும் தண்ணீர். தண்ணீர் முயல்களிடம், "கோச்சிக்காதீங்க, உங்கள வெச்சித்தான் அதுங்களுக்கு மார்க்கு" என்று சமாதானம் வேறு. கம்பிவலைக் கூண்டுக்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே அவுன்ஸ் கிளாஸ். ஒருநாள் சர்ச் போதகர் அவர் வீட்டுக்கு வந்து உருக்கமாக ஜெபம் பண்ணும்போது இவர் துள்ளி எழுந்தார்.

"ஐயரே, கொஞ்சம் நிறுத்துங்க. நாலாம் நம்பர் போய்க்கினு கீது!"

போதகர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார். அளவைக் குறித்த பிறகுதான் ஆமென்.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவின் கால்கள் வீங்கியதும் சிரிப்பு நின்றது. டாக்டர் கையை விரித்துவிட்டார். கஷாயம் குடித்த முயல்கள் இரண்டு மடங்கு பெய்கின்றன என்று கேட்டு கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"நீர் பிரியுதுன்னு தெரியும். உடம்பு தாங்குமான்னு தெரியல. பத்து நாள் பொறு."

"அதுவரைக்கும் நைனா இருக்கணுமே, அண்ணா!"

அவர் மசியவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஒரு புட்டியைத் திருடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு சொட்டு நாக்கில் வைத்த அப்பா, கசக்கிறது என்று வெல்லம் கேட்டார். வெல்லம் தேடிக்கொண்டிருந்தபோது கம்பவுண்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கையில் செத்த முயல்.

"குட்த்துட்டியாடா?"

"இல்லண்ணா, ஒரு சொட்டு நாக்குல வெச்சதோட சரி."

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். எந்த அளவு வரை தாங்கும் என்று பார்க்க, நாலு பங்கு கெட்டியாகக் காய்ச்சிய கஷாயம்தான் நான் திருடிய புட்டியில் இருந்தது. முயல் அதைக் குடித்துத்தான் செத்திருந்தது.

"திட்டுங்கண்ணா."

"அப்புறம் திட்றேன். மொதல்ல அந்தப் புட்டியக் குடு."

பத்தாம் நாள் தானே அளந்து கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே கிடந்து, அப்பாவின் நீரையும் கூச்சமில்லாமல் அளந்தார். எட்டாம் நாள் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். நீர் கோத்திருந்தால் குழி விழும். விழவில்லை. திரும்பவும் அழுத்தினார். விழவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என் அப்பாவுக்காக என்னைவிட அதிகம் பயந்திருந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு யார் அவரைக் கேலி பேசினாலும் எனக்குக் கோபம் வந்துவிடும்.