படத்தில் மூன்றடி, சுவரில் ஆறடி

அடையாறில் பதினாறு வீடு, கிண்டியில் ஒரு லேத் பட்டறை, சைதாப்பேட்டையில் நான் குடியிருக்கும் இரண்டு மாடி, ஊரூர் குப்பம் போகிற வழியில் கடல் காற்றால் இன்றுவரை ஒரு விரிசல்கூடப் போட முடியாத மதில் சுவர். இத்தனையும் ஐந்தாம் வகுப்பு தாண்டாத இந்தக் கை கட்டியது. (ஐந்தில் இரண்டு வருடம் இருந்தேன், கூட்டினால் ஆறாகிறது.) 'இந்தப் படிக்கட்டு நிற்காது' என்று ஒரு என்ஜினீயர் சொன்னார். படிக்கட்டு நிற்கிறது. அவர்தான் முட்டி வலியில் ஏற முடியாமல் கீழே நிற்கிறார்.

இவ்வளவு கட்டியவன் ஒரே ஒரு சுவரைத்தான் தப்பாக உடைக்க வைத்தேன். அதற்குக் காரணம் ஒரு கறுப்புப் பலகை.

என் மகள் கவிதா வீட்டு உள் அலங்காரம் படித்தவள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் வேலை, மயிலாப்பூரில் ஒரு பாட்டு டீச்சர் மாமியின் சமையலறை. அது நன்றாக முடிந்தால் அதே மாடியில் இன்னும் இரண்டு வீடு கிடைக்கும். சொதப்பினால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். சிக்கனமாக இருக்கட்டும் என்று, படம் போட விலை மலிவான பென் டேப்லெட் ஒன்றை வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரே வேண்டாமாம், போனில் ஒயரைச் சொருகினால் போதுமாம்.

பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம். ஸ்லேட்டு மாதிரி இருக்கிறது, எழுதினால் ஒன்றும் விழவில்லை. பேனாவில் ரீஃபில் இல்லை, பேட்டரியும் இல்லை.

"கோடு எங்கடி?"

"போன்ல பாருப்பா."

"இங்க கீச்சுனது அங்க எப்படிப் போவுது? நடுவுல எவனாவது பார்த்துக்கினு இருந்தான்னா?"

"உன் கோட்டை எவன்பா பார்க்கப் போறான்?"

(அவளுக்குத் தெரியாது. என் கோட்டைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் சைதாப்பேட்டை முழுக்க இருக்கிறார்கள்.)

அடுத்து இன்னொன்று சொன்னாள். போனில் சொருகினால் முழுப் பலகையும் வேலை செய்யாதாம், ஓரத்தில் ஒரு பட்டை மட்டும்தானாம்.

"உன்னை நல்லா ஏமாத்திட்டான். ஒரு கிரவுண்டைக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டு, கால் கிரவுண்டுல வூடு கட்டிக்கோன்றான்."

"போன் சின்னதுப்பா, அதுக்கு ஏத்த இடம்தான் வரும்."

"விக்கிறவன் அப்படித்தான் சொல்வான்."

மறுநாள் காலை மாமியின் சமையலறையை வரைந்தாள். போன் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரில், தட்டு நீட்டுவதற்கு மூன்றடி அகலத்தில் ஒரு திறப்பு. அதைப் போட்டுவிட்டு, அளவை எண்ணில் எழுதாமல் குளிக்கப் போனாள். பலகையும் பேனாவும் போனும் நானும் தனியாக இருந்தோம்.

சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தேன். படம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே கணக்குத்தான்: அரை அங்குலம் ஒரு அடி. அப்படியானால் மூன்றடித் திறப்பு ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். திரையில் டேப்பை வைத்தேன். முக்கால் அங்குலம்!

போன் பாதியை முழுங்கியிருந்தது. சந்தேகப்பட்டது சரியாகிப் போனால் ஒரு சந்தோஷம் வருமே, கான்கிரீட் இறுகியபின் மழை பெய்தால் வருவது போல, அது வந்தது. கட்டங்களை நான் கவனிக்காமல் இல்லை. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பேனா முனையை நாக்கில் தொட்டுக்கொண்டேன் (பென்சில் பழக்கம், பிளாஸ்டிக் ருசி). கை பலகையில், கண் போனில். முதல் கோடு நேராக மாமியின் கேஸ் அடுப்புக்குள் போனது. ரப்பர் படத்தைத் தொட்டால் அழியும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். ஒரு கையால் டேப்பைத் திரையில் அழுத்திக்கொண்டு, மறு கையால் இரண்டு பக்கமும் இழுத்து, திறப்பை ஒன்றரை அங்குலத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, கொத்தனார் ஏழுமலையிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா படம் அனுப்பு, உடைக்கணும்.' பேனாவாலேயே குத்தி அனுப்பினேன். தினமும் விடிந்ததும் நாற்பது சொந்தக்காரர்களுக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறவன் நான். அனுப்புவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கவிதா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். படம் போய்விட்டது என்றேன். "ஏழுமலைக்கு அனுப்பிட்டியாப்பா? நம்பர் போடலையே... சரி, கட்டத்தை எண்ணிப்பான்."

கட்டத்தை எதற்கு எண்ணுகிறான் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

மதியம் மயிலாப்பூர் போனோம். சுவரின் அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் ஏழுமலை. இரண்டு பேரும் முழுசாகத் தெரிந்தார்கள்.

"ஒரு கட்டம் ஒரு அடின்னு நீதானக்கா சொன்ன? ஆறு கட்டம் கீது, ஆறடி உடைச்சேன். நான் இன்னா பண்றது?" என்றான் ஏழுமலை.

"தட்டு நீட்ட ஒரு ஜன்னல் கேட்டேன். பஸ்ஸே உள்ள வந்துட்டுப் போகும்போல இருக்கே!" என்றாள் மாமி.

கவிதா போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நைனா..." என்றாள். கோபம் வந்தால்தான் நான் நைனா.

"நாலரை இஞ்ச் சுவருதான் மாமி. மேல பீம் இருக்கு, பயமில்ல" என்றேன்.

"எனக்கென்ன பயம்? நாளைக்குள்ள அடைச்சுக் குடுத்துடுங்கோ. மிச்ச வேலைய நான் வேற யார்ட்டயாவது சொல்லிக்கறேன்."

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும், கவிதா நாலு சீட் தள்ளி உட்கார்ந்தாள். சைதாப்பேட்டை வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை நானே கரணையோடு போனேன். ஹாலில் நாலைந்து பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமி அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கலவை போட்டு முதல் வரிசையில் மூன்று செங்கல் வைத்திருப்பேன். ஒரு பெண் பாட்டை ஏதோ ஓர் இடத்தில் இழுத்தாள்.

"அங்க இழுக்காதேடி! கீழ வா!" என்று உடைந்த சுவர் வழியாக மாமி கரண்டியை நீட்டினாள். அந்தப் பெண்ணின் குரல் கீழே வந்தது. மாமி கரண்டியாலேயே சமையல் மேடையில் தாளம் போட்டாள். பாட்டு முடிந்தது. ரசமும் நுரை கட்டி இறங்கியது.

நான் நாலாவது செங்கல்லை எடுத்தேன்.

"மேஸ்திரி, அதைக் கீழ வையுங்கோ."

"ஏன் மாமி?"

"இருபது வருஷமா ஹாலுக்கும் அடுப்புக்கும் ஓடிண்டே இருக்கேன். பாட்டைப் பார்த்தா பால் பொங்கிடும், பாலைப் பார்த்தா ஸ்ருதி போயிடும். இன்னிக்கு ரெண்டும் பிழைச்சுது. அப்படியே இருக்கட்டும். உங்க பொண்ணை வரச் சொல்லுங்கோ." நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க வர வேண்டாம்" என்றாள்.

கவிதா அந்தத் திறப்புக்கு மரச் சட்டமும் கல் பலகையும் போட்டு முடித்தாள். பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கும் ஆறடியே வேண்டும் என்றார்கள். என் வீட்டிலோ, அரை டம்ளர் காப்பி கேட்டால்கூட என் மனைவி, "போன் அரையா, உங்க டேப்பு அரையா?" என்கிறாள். பேரப்பிள்ளைகள் அதற்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் விடுவதாக இல்லை. கவிதா அந்தச் சமையலறைப் படத்தைத் தன் இன்டர்நெட் பக்கத்தில் போட்டிருக்கிறாள். கீழே 'வடிவமைப்பு: கவிதா' என்று மட்டும் இருக்கிறது. கேட்டால், "போடறேன்பா. 'உடைச்சது அப்பா'ன்னு போடட்டுமா?" என்கிறாள்.

உடைத்தது ஏழுமலை. ஆறடிக்குக் கோடு போட்டது நான். அதை என் பேர், இனிஷியலோடு, அவள் பேர் இருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.