ரேடியோவை ருசி பார்த்த நாக்கு நானா

கண்டியில் அந்தக் காலத்தில் ரேடியோ பழுது பார்க்கிறோம் என்று திரிந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்தாலும் நாக்கு நானாவின் நாக்கு நுனிக்கு ஈடாக மாட்டார்கள். மறுப்பவர் யாராவது இருந்தால் சண்டைக்கு வரலாம், நான் தயார்.

நானாவுக்கு ஊர் மடவளை. நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அப்போது பாதி ரேடியோக்கள் பற்றரியில்தான் பாடின. பெட்டி பாடாவிட்டால் மற்றவர்கள் குறடும் திருப்புளியும் தேடுவார்கள். நானா நாக்கை நீட்டுவார். பற்றரி வயரின் இரண்டு முனைகளையும் நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, கல்யாண வீட்டு ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவர் மாதிரித் தலையை ஆட்டுவார். சுரீரென்றால் பற்றரிக்கு உயிர் இருக்கிறது, சப்பென்றால் இல்லை. ஒரு தரம் தவறிப்போய்ப் பெரிய பற்றரியில் வைத்துவிட்டு மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார். வீட்டில் யாரும் வைத்தியரைத் தேடி ஓடவில்லை என்று கேள்வி.

வத்தேகமவில் ஒரு கடையின் பற்றரியை நக்கிவிட்டு, "இது கட்டுகஸ்தோட்டப் பக்கத்து கராஜ்ல சார்ஜ் பண்ணினது. அந்தத் தண்ணி ருசி ஈக்கி" என்றார். கடைக்காரர் வாயைப் பிளந்தார். பற்றரியின் பக்கத்தில் கராஜ்காரரின் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

அக்குறணைத் துணிக்கடை முதலாளி மனமிரங்கி, கொழும்பிலிருந்து கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். நானா அதையும் நக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒரு ருசியுமில்ல முதலாளி."

இந்த நாக்குக்காக மிளகாயையே துறந்தவர் அவர். "மொளகா தின்ட நாக்கு பொய் செல்லும்" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் எனக்கே காரியம் வந்தது. நகரசபையில் நான் தற்காலிகக் கிளாக்கர். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டிய பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். மின்சாரக் கம்பி எட்டாத மலைச்சரிவில் அவருக்கு வீடு. லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டைக் காவல்காக்க என்னை வைத்தார்.

"வீட்டைப் பாரும். ரேடியோவில மட்டும் கை வையாதையும், விளங்கிச்சோ?"

விளங்கியது. அவர் ஏறிய ரயில் கண்டியைத் தாண்டுமுன் ரேடியோவைக் கட்டில் பக்கம் இழுத்துவிட்டேன். ஒரு வாரம் ராஜபோகம். அவர் திரும்பும் நாளன்று பழைய இடத்துக்குத் தள்ளினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது. இரவு ஏழு மணிக்கு அவருடைய ரயில் வந்துவிடும்.

நான் போய்க் கெஞ்ச, நானா நாலு மணிக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பாதி வெளியே வந்த நாக்கு திடீரென்று உள்ளே போய்விட்டது.

"நோம்பு, தம்பி. அந்திக்குப் பள்ளியில பாங்கு செல்லுமட்டும் இந்த நாக்கு வேலைக்கு வராது."

"நானா, என் வேலை போயிடும்!"

"நீங்க நோம்பில்லயே. நீட்டுங்க."

நீட்டினேன். முதலில் பற்றரியை என் நாக்கில் வைத்தார்.

"எப்பிடி ஈக்கி?"

"எரியுது நானா!"

பிறகு பெட்டிக்குள் போகும் வயரின் மறுமுனை.

"இப்ப?"

"இதுவும் எரியுது!"

"அப்ப பற்றரியும் சரி, வயரும் சரி. வருத்தம் பெட்டிக்குள்ள."

ஒரு மணி நேரத்தில் பெரிய கிளாக்கரின் ரேடியோ பாய் முழுக்கப் பரவிக் கிடந்தது. எல்லாவற்றையும் துடைத்து, முடுக்கி, திரும்பப் பூட்டினார். சத்தமில்லை. எனக்கு அழுகை வந்தது. நானா என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, என்னத்தத் தின்டீங்க?"

"ஒண்ணும் திங்கல. பயத்துல வெத்தில மட்டும் போட்டேன். சுண்ணாம்பு கூடிப்போயி காலையிலேருந்தே நாக்கு எரியுது."

"காலயிலேருந்தேவா!" நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆறு மணி கழிந்து பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நானா மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார், பார்த்தார், மறுபடியும் மடியிலேயே வைத்தார். "இனிப்புப் பட்டா ருசி மாறிப் பெய்த்திரும்" என்று முணுமுணுத்து, ஒரு மிடறு தண்ணீரில் நோன்பைத் திறந்தார். அடுத்த நொடி நாக்கு வெளியே வந்தது. பற்றரி சுரீர். வயர் முனை சப்.

"வயர் மவுத்து, தம்பி! செத்துப் பெய்த்து!"

நான் பெட்டியை இழுத்ததிலும் தள்ளியதிலும் வயரின் தோலுக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தது. வேறு வயர் போட்டதும் பெட்டி பாட ஆரம்பித்தது. நான் சிரித்தேனோ அழுதேனோ, ஞாபகமில்லை. தொழுகைக்குப் பிந்திவிட்டதென்று நானா பின்கதவால் ஓட்டமெடுத்தார்.

பெரிய கிளாக்கர் வந்து, ரேடியோவைச் சுற்றிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். மறு வாரம் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. முப்பது வருஷம் அந்த உத்தியோகத்தில் சோறு தின்றேன். பகலெல்லாம் பசித்துக் கிடந்த ஒரு மனிதர், கையிலிருந்த பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு வாங்கித் தந்த சோறு அது.