நூற்று முப்பது முதுகுகளில் என் பெயர்

கையெழுத்துப் போடுவதில் எனக்கு அலாதிப் பிரியம். எதில் போடுகிறோம் என்று பார்ப்பதில் அவ்வளவு பிரியம் இருந்ததில்லை. இந்தக் குறையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. நூற்று முப்பது பேர் கண்ணால் பார்த்துவிட்டார்கள், இனி மறைத்துப் பயனில்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஒரு பனியன் ஏற்றுமதி முதலாளி கட்டிய கல்லூரி. பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. (இணைப்பு என்றால், அங்கிருந்து வருடத்துக்கு ஒருமுறை நாலு பேர் வந்து, முந்திரிப் பக்கோடா சாப்பிட்டுவிட்டு, நூலகத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.) அதில் நான் ஆடைத் தொழில்நுட்பத் துறை விரிவுரையாளர். வயது இருபத்தாறு. எனக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இருக்க முடியாது என்று நம்புகிற வயது.

ஒருநாள் ஊழியர் கூட்டத்தில் தாளாளர் ஐயா எழுந்தார். கல்லூரி ஆரம்பித்த அந்த முதலாளிதான் தாளாளர்.

"நம்ம கம்பெனில மாசாமாசம் நல்லாத் தெக்கிறவங்களுக்குக் குக்கர் குடுக்கறோமுங்க. இங்க இத்தன பேரு படிச்சவங்க வேல செய்யறீங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல. மனசு சங்கடப்படுமுங்களா இல்லீங்களா?"

"ஆமாங்க, குக்கர் இல்லாம ரொம்பச் சங்கடமுங்க" என்று நான் கடைசி வரிசையிலிருந்து குரல் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "கந்தவேலு வெவரமான பையன். விருது விழாவ அவரே பாத்துக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். (கூட்டத்தில் ஜோக் அடித்தால் கமிட்டியில் போடுவார்கள். வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.)

குக்கர் வேண்டாம் என்று பிறகு அவரே முடிவு செய்தார். ஆண்டின் சிறந்த பணியாளருக்குப் பொன்னாடை, கேடயம். ஜெயித்தவர் தற்காலிக ஊழியராக இருந்தால், கூடவே நிரந்தரப் பணி ஆணை.

இதைக் கேட்டதும் கமிட்டியில் இருந்த மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம். ஆரோக்கியம் அக்கா.

தையல் லேப் உதவியாளர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தவர். ஓவர்லாக் மிஷினில் நூல் கோர்க்க மாணவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததாகச் சான்றிதழில் இருக்கும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா. ஒன்பது வருடமாகத் தற்காலிகம். ஏப்ரல் கடைசியில் பணி முடிந்தது என்று ஒரு கடிதம் வரும். மே மாதம் முழுக்க ஏதாவது கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பார். ஜூன் பிறந்ததும் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி எடுப்பார்களா என்று காத்திருப்பார். ஒன்பது ஜூன்கள் அந்த பெஞ்சில்.

"இந்த வருசமாவது அந்த பெஞ்சுல உக்காராம இருந்தா, மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வைக்கேன்னு நேந்திருக்கேன் சார்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். பெயர் முடிவாகிவிட்டது என்று வாய் வரைக்கும் வந்தது. ரகசியம் என்பதால் விழுங்கிவிட்டு, "பாக்கலாங்கக்கா" என்றேன், ஏதோ என் கையில் இருப்பது மாதிரி. (இருந்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.)

திருப்பூரில் விழா என்றால் டி-ஷர்ட் இல்லாமல் இருக்குமா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள், கிரிக்கெட் போட்டி, தேர்தல், காதுகுத்து, எதற்கும் ஒரு டி-ஷர்ட் அடித்துவிடுவோம். ஊழியர் நூற்று முப்பது பேருக்கும் முன்பக்கம் கல்லூரிச் சின்னம் போட்ட டி-ஷர்ட். ஜெயித்தவருக்கு மட்டும் ஒரே ஒரு சிறப்புப் பீஸ், முதுகில் 'சிறந்த பணியாளர்' என்று கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே பெயர். இது என் யோசனை. என் யோசனைகளை அப்போது யாரும் தடுப்பதில்லை.

முதலிபாளையத்தில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த துரை மாஸ்டரிடம் போனேன். முன்பக்கம், முதுகு இரண்டும் எப்படி வரும் என்று பார்க்க ஒரு சாம்பிள் கேட்டேன்.

"முதுகுல என்ன பேருங்க போடறது?" என்றார் மாஸ்டர்.

ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது. பட்டறையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அக்கா குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் போய்விடும். "சும்மா, என் பேரப் போடுங்க" என்றேன். அந்தச் 'சும்மா'வில் ஒரு துளி ஆசையும் கலந்திருந்தது என்பதை இப்போது மறைக்கவில்லை.

சாம்பிள் வந்தது. போட்டுப் பார்த்தேன். முதுகைப் பார்க்க இரண்டு கண்ணாடி வேண்டியிருந்தது. சலூன் வைத்திருந்த நண்பனிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பின்னால் கண்ணாடி பிடிக்க, 'சிறந்த பணியாளர் மு. கந்தவேல்' என்பதைக் கால்மணி நேரம் பார்த்தேன். அமைப்பாக இருந்தது. பிறகு துரை மாஸ்டரிடம் போய், சாம்பிளில் தொங்கிய அட்டையில் எழுதினேன்: 'ஓகே. பல்க் 130 பீஸ்.' கீழே, சுழித்து, இரண்டு புள்ளி வைத்து, என் கையெழுத்து.

நூற்று முப்பதுக்கும் முன்பக்கம் மட்டும்தான், முதுகு சும்மா பார்ப்பதற்கு. இதைக்கூடச் சொல்லவா வேண்டும் என்று நினைத்தேன்.

வேண்டும். பனியன் தொழிலில் கையெழுத்துப் போட்ட சாம்பிள்தான் வேதம். அதில் ஓட்டை இருந்தால் நூற்று முப்பதிலும் ஓட்டை வர வேண்டும். வராவிட்டால்தான் தப்பு. இது திருப்பூரில் பிசிறு வெட்டுகிறவர்களுக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஏனென்றால், நான் கல்லூரியில் எடுத்த பாடம் தரக் கட்டுப்பாடு. முதல் வகுப்பே, 'சாம்பிளில் கையெழுத்திடுமுன் கவனிக்க வேண்டியவை.'

சிறப்புப் பீஸை முந்தின நாள் சாயங்காலம் போய், பெயரை மாற்றி அடித்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் வாழைமரம் கட்டுவதிலேயே போய்விட்டது.

விழா அன்று காலை, கம்பெனி வேனில் மூட்டை வந்து இறங்கியது. எல்லாம் கவரில், முன்பக்கம் தெரிய மடித்து. பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் வாசலுக்கு ஓடினேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் சிறப்பு விருந்தினர். அவரை வரவேற்க நான் கோட் போட்டிருந்தேன். (மாமன் மகன் தன் கல்யாணத்துக்கு எடுத்த கோட். அவர் என்னைவிட ஒரு சுற்று பெரியவர்.) அதனால் டி-ஷர்ட்டை நான் போடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

உள்ளே ஆசிரியர்கள் சட்டைக்கு மேலேயும், ஆசிரியைகள் சேலைக்கு மேலேயும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முதுகை ஒருவர் படிக்கிறார்கள். யாராவது ஓடிவந்து என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'கந்தவேல்தானே, ஏதோ கூத்து வைத்திருப்பான்' என்று விட்டுவிட்டார்கள். கோமாளி என்று பெயரெடுத்தவனுக்கு நெருப்புப் பிடித்தால்கூடக் கைதான் தட்டுவார்கள்.

விருந்தினரையும் தாளாளரையும் அரங்கத்தின் பின்வாசலில் விட்டுவிட்டு, மைக் சரிபார்க்க நான் பக்கவாசல் வழியாக மேடைக்கு ஓடினேன். இருவரும் பின்னாலிருந்து நடந்து வர, ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். ஐயா நடுவில் ஒரு நிமிடம் நின்று, இடமும் வலமும் பார்த்து, மெல்லத் தலையாட்டியதைக் கவனித்தேன். என் வாழைமரங்களை ரசிக்கிறார் என்று நினைத்தேன். மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது நூற்று முப்பது மார்பும் கல்லூரிச் சின்னமும்தான்.

விருது நேரம் வந்தது. ஐயா கையில் கவர். மைக்கைப் பிடித்தார்.

"கமிட்டி ஒரு பேரு எழுதிக் குடுத்திருக்குதுங்க. அது ஆர்டரோட இந்தக் கவர்ல இருக்குது. ஆனா உள்ள வரும்போது பாத்தேன், மனசு நெறஞ்சு போச்சு. ஒருத்தர் ரெண்டு பேரில்ல, இத்தன பேரும் ஒரே ஆளத்தான் கேக்கறீங்க. ஏவாரத்துல வாங்கறவங்க சொல்றதுதான் கடைசிப் பேச்சு. வாங்க கண்ணு கந்தவேலு!"

அரங்கம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் இருந்தது ஐந்து விநாடிதான். ஆறாவது விநாடியில், 'கமிட்டி கவனிக்காததை மக்கள் கவனித்துவிட்டார்கள் போலிருக்கிறது' என்று தோன்றிவிட்டது. பொன்னாடை விழுந்தது. கேடயம் வந்தது. ஆரோக்கியம் அக்காவின் நினைப்பு ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதை, 'அடுத்த வருடம் கண்டிப்பாக' என்று சமாதானம் சொல்லி உட்கார வைத்தேன். ஆமாம், அப்படிப்பட்ட ஆள்தான் நான். அதோடு நிற்காமல் ஏற்புரை வேறு.

"இந்த விருதுக்கு நான் தகுதியானவனா?" என்று அடக்கமாகத் தொடங்கினேன்.

"இல்லீங்க!" என்று ஒரு குரல் வந்தது. கணிதத் துறை.

"எல்லாரும் ஒருக்காத் திரும்பி நில்லுங்க சாமி," என்றார் ஐயா, "கந்தவேலு கண்குளிரப் பாக்கட்டும்."

நூற்று முப்பது பேர் திரும்பினார்கள்.

மு. கந்தவேல். மு. கந்தவேல். மு. கந்தவேல். முதல்வர் முதுகில் நான். வாட்ச்மேன் முதுகில் நான். இயற்பியல் துறைத் தலைவரின் அகன்ற முதுகில் கொஞ்சம் நீட்டி இழுத்த நான். முதல் வரிசை ஓரத்தில், பச்சைச் சேலைக்கு மேல் தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட். அதிலும் நான். அந்த முதுகு மட்டும் சீக்கிரமாகத் திரும்பிக்கொண்டது. ஆரோக்கியம் அக்கா எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதானா சார்? நல்லாருங்க," என்றார், மேடைக்குக் கேட்கிற அளவுக்கு. "எனக்கென்ன, ஜூன்ல பெஞ்சு அங்கனயேதான இருக்கும்."

கூச்சல் நடுவிலும் அது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சுங்க. இது அவங்க யாரும் கேட்டதில்லீங்க. நான் சாம்பிளுக்கு என் பேரப் போட்டனுங்க. மாஸ்டர் அதையே பல்க் அடிச்சுட்டாருங்க. கவர்ல இருக்கற பேருதாங்க நெசம்."

ஐயா முகத்தில் தாளாளர் மறைந்து முதலாளி வந்தார்.

"சாம்பிள ஓகே பண்ணுனது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து துரை மாஸ்டர் எழுந்தார். டெலிவரி கொடுத்த இடத்தில் விருந்து உண்டா என்று பார்க்க இருந்தவர், கையில் பிளாஸ்டிக் பையோடு நடந்து வந்தார். பைக்குள் சாம்பிள். தொழில் தெரிந்தவர்கள் அதை விட்டுப் பிரிய மாட்டார்கள்.

"பாத்துக்கங்க மொதலாளி. ஓகே, பல்க் நூத்தி முப்பதுன்னு சாரே எழுதியிருக்காருங்க. எம்மேல தப்பு சொல்லிப்போடாதீங்க."

ஐயா அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க இங்க என்ன பாடம் எடுக்கறீங்க கந்தவேலு?"

"தரக் கட்டுப்பாடுங்க."

அதற்கப்புறம் இரண்டு நிமிடத்துக்கு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கோடா இல்லாமலேயே அவருக்குத் திருப்தி.

சத்தம் அடங்கியதும் ஐயா கவரைப் பிரித்து, "ஆரோக்கியம், மேல வாம்மா" என்றார். அக்கா மேடையேறினார். நான் அவசர அவசரமாகப் பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போர்த்தப் போனேன்.

"அத நீங்களே வச்சிக்கிடுங்க சார்," என்றார் அக்கா. "எனக்கு அந்தக் கவர மட்டும் தாங்க."

கவரை வாங்கி, ஆணையை எடுத்து, அங்கேயே நின்று படித்தார். ஒவ்வொரு வரியாக. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருபக்கம், தாளாளர் ஒருபக்கம் காத்திருந்தார்கள். கீழ்வரி வரை வந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அந்த ஒரு பார்வையில் தரக் கட்டுப்பாட்டின் முழுப் பாடத்திட்டமும் இருந்தது.

எனக்கான தீர்ப்பைச் சாப்பாட்டுப் பந்தியில் ஐயா சொன்னார். "ரிஜெக்ட் சரக்கு, ஓகே பண்ணுனவரு ஊட்டுக்கே போயிரட்டும்." மறுநாள் மூட்டையாக வந்து இறங்கியது. பரணில் ஏற்றினோம்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மனைவி கலைவாணி பல்லடத்துக்காரி. வந்த மாதமே பரணைச் சுத்தம் செய்தாள். பழைய பனியன் துணிக்குத் திருப்பூர்ப் பக்கத்தில் ஒரே கதிதான். அடுப்பிலிருந்து சட்டி இறக்க நான், சமையல் மேடை துடைக்க நான், மோட்டார் சைக்கிள் துடைக்க நான், மிதியடியும் நான். நல்ல துணி வேறு, கிழிந்து தொலைக்கவும் மாட்டேன் என்கிறது.

போன வருடம் ஆரோக்கியம் அக்கா ஓய்வு பெற்றார். கலைவாணியோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பீரோவைத் திறந்து, எதையோ துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து பிரித்துக் காட்டினார். பணி ஆணை. ஒரு மடிப்பும் கசங்கவில்லை. சுற்றியிருந்த துணியின் நடுவில், சாயம் போகாமல், மு. கந்தவேல்.

"அன்னைக்கு எல்லாரும் கழட்டிக் குடுத்தாவ. நான் மட்டும் குடுக்கல பாத்துக்கிடுங்க," என்றார் அக்கா. "சார் ஒழுங்கா வேல பாத்திருந்தா இந்த ஆர்டர நான் வரி வரியா, பின்பக்கம் வரைக்கும் படிச்சிருப்பேனா தாயி?"

கலைவாணி திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒரு ஊட்லயாவது உங்கள பீரோவுல வெச்சிருக்காங்களே" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாசலில் யாராவது வந்து, "கந்தவேல் இருக்காருங்களா?" என்று கேட்டால் போதும். அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

"இருக்காருங்க. எத்தன வேணும்?"