ஓரகத்தி பாயைப் பார்த்து நான் பாய் விரித்த கதை

பொறாமை பிடித்தவளுக்கு அடுத்தவள் ஒரு காரியத்தை எதற்காகச் செய்கிறாள் என்று கேட்கத் தோன்றாது. அவள் செய்தால் நாமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் சேலை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு, நிலம் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. நான் ஏமாந்ததில் ஒரு பிள்ளையே பிறந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. உத்தமபாளையத்தை அடுத்த ஊரில் எங்களுடையது திராட்சைத் தோட்டக் குடும்பம். மாமியார், நாங்கள், கொழுந்தன் குடும்பம் எல்லாம் ஒரே வீடு. கொழுந்தன் மனைவி மலர் தேவாரத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் ஒரே பையன். இடுப்பு கல்யாணப் போட்டோவில் இருந்த மாதிரியே இருந்தது. எனக்கோ அடுத்தடுத்து இரண்டு பெண்கள். என் இடுப்பு எங்கே இருந்தது என்று நானே தொட்டுக் காட்டினால்தான் தெரியும். பஸ்ஸில் ஏறினால் மலர் ஜன்னலோரம் காற்று வாங்குவாள். நான் ஒருத்தியை மடியிலும் ஒருத்தியைத் தோளிலும் போட்டுக்கொண்டு, கையில் வாந்திக்குப் பாலித்தீன் பையோடு உட்கார்ந்திருப்பேன். (சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது.)

இரண்டோடு நிறுத்திவிட வேண்டும் என்றிருந்தேன். டவுனில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஜூன் மாதம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் என்றால் பயம். மாத்திரை போட்டால் தலை சுற்றியது. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான், மலர் தன் அக்காவோடு போனில் பேசியது காதில் விழுந்தது. (விழவில்லை. கதவில் காதை வைத்திருந்தேன்.)

"காலைல எந்திரிச்சதும் வாயில தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கச் சொன்னாக டாக்டரம்மா. சூடு மாறுறத வச்சு நாளு தெரிஞ்சிரும்க்கா. அதப் பாத்துத் தள்ளியும் சேந்தும் இருந்தாப் போதுமாம். மாத்திரையெல்லாம் இப்பைக்கு வேணாம்னுட்டாக."

அடிப்பாவி, ஒரே பிள்ளையோடு நிற்பதன் ரகசியம் இதுதானா! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் போய்க் கேட்பதா? தெர்மாமீட்டர் வாங்கினாலும் அவளைப் பார்த்து வாங்கியதாகிவிடுமே. அதனால் அதைவிடப் புத்திசாலித்தனமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவளுடைய பாயைக் கவனித்தேன்.

சில நாள் மலர் பையனோடு கூடத்துக்கு வந்து மாமியார் பக்கத்தில் பாய் விரிப்பாள். சில நாள் தன் அறையிலேயே இருந்துவிடுவாள். அவள் கூடத்துக்கு வந்தால் நானும் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் அறைக்குப் போனால் நானும் என் அறைக்குப் போனேன்.

மாமியாருக்குக் குழப்பம். "ஏத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா புருசங்கூடச் சண்ட வருது?"

என் வீட்டுக்காரருக்கு எரிச்சல். "அவ எங்கன படுத்தா ஒனக்கென்ன? ஒனக்குன்னு புத்தி கெடையாதா?"

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இது டாக்டர் சொன்ன முறை."

"எந்த டாக்டரு?"



சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போனோம். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மலர் ராட்டினத்தில் ஏறப்போகிறேன் என்றாள். புதுப் பட்டு, மாம்பழ நிறம். (அதைப் பற்றித் தனியாக எரிந்துகொண்டிருந்தேன்.) எனக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. இருந்தாலும் அவள் மேலே போக, நான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதா? பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன். உச்சிக்குப் போனதும் காலையில் தின்ற இட்லி முழுவதும் அந்தப் பட்டில் விழுந்தது.

ராட்டினத்தை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். மலர் திட்டவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நாளு தள்ளிப் போயிருக்காக்கா?"

தள்ளித்தான் போயிருந்தது. வெயில் சூட்டினால் என்று நினைத்திருந்தேன். இப்போது பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது.

"அதெப்பிடி ஆகும்? நீ கூடத்துக்கு வந்தா நானும் வந்தேன். நீ உள்ள போனா நானும் போனேன். ஒனக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் எப்பிடிடி ஆகும்?"

கத்தியே விட்டேன். பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். மாமியார், வீட்டுக்காரர், கொழுந்தன் மூவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"அய்யோ அக்கா" என்றாள் மலர். "நான் பிள்ள வேணாம்னா நாளு பாத்தேன்? வேணும்னுல்ல பாத்தேன்! நான் உள்ள போனதுதான் பிள்ள உண்டாகுற நாளு. வேணாங்கிறவுக அன்னைக்குத்தான் தள்ளி இருக்கணும். அதுவும் என் ஒடம்புக்குப் பாத்த நாளு. ஒங்க ஒடம்புக்கு நீங்கல்ல பாத்திருக்கணும்?"

என் உடம்பு எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் உடம்பைத்தான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசிக்கொண்டே இருந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எனக்கு ரெண்டாவது தங்கவே மாட்டேங்குது. என் நாளப் பாத்து ஒங்களுக்குத் தங்கிருச்சு. ரெண்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீங்க பஸ்ல ஏறயில எனக்கு எம்புட்டு வயிறு எரியும் தெரியுமா?"

என்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்று அன்றுதான் தெரிந்தது. வாயைக்கூடத் துடைக்காமல் நின்ற அந்த நிலையிலும், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. (நான் அப்படிப்பட்டவள்தான்.) பிறகுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் மாறி மாறி அழுதோம். மாமியார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்த டைப்பிஸ்ட் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. எனக்கு மூன்றாவதும் பெண். பிரசவம் முடிந்ததும், யாரையும் கேட்காமல் என் வீட்டுக்காரரே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். மலருக்கும் பிறகு ஒரு பெண் பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான்.

எங்கள் மூன்றாமவளுக்கு மாமியார் வைத்த பட்டம் 'சித்தி கணக்குல பொறந்தவ'. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கதை தெரியும். அர்த்தம் தெரியாதவள் அவள் ஒருத்திதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று, "நான் எங்க சித்தி கணக்குல பொறந்தவ டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் கூட்டிவரப் போன என்னிடம், "அப்படின்னா என்னங்க?" என்று டீச்சர் விசாரித்தார்.

"அதுங்களா டீச்சர்," என்றேன், "எங்க ஓரகத்தி கணக்குல ரொம்பக் கெட்டிக்காரிங்க."