சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்ட மனிதர்

மாத்தளை மாவட்டம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், என்னை இந்த அளவுக்குக் கத்த வைத்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். கரண்ட் வெட்டு, யட்டவத்த பஸ், என் மாமனார், மூன்றும் சேர்ந்து வந்தாலும் 'அப்படியே' அண்ணனுக்குக் கிட்ட நிற்க முடியாது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டவுனில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடை வைத்திருக்கிறோம். டைப்பிங்கும் போட்டோ கொப்பியும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் திருத்துவது, பாட்டுப் பதிந்து கொடுப்பது அவர் பொறுப்பு. அவர் உண்மையில் செய்வதோ ஒரே ஒரு வேலைதான். சிடியில் இருக்கும் பாட்டு, கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த சாதாரண சவுண்ட் கார்டு வழியாக, ஒரு எண்கூட மாறாமல் 'அப்படியே' வெளியே வர வேண்டும். அதற்காகவே மனிதர் உயிர் வாழ்கிறார். பெயரும் அப்படித்தான் வந்தது.

"சிடியில பாட்டு எண்ணாத்தான் பதிஞ்சிருக்கு தம்பி, ஒரு செக்கனுக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு எண். இந்தக் கம்ப்யூட்டர் அதை நாற்பத்தெட்டாயிரமா மாத்துது. அதோட விடுதா? வாட்ஸ்அப் மணியையும் பாட்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுது. கேக்குறவன் மனுசனா இல்லையா?"

"அதுக்குன்னு வெளிய மாட்டுற நல்ல பெட்டி விக்கிறாங்களே அண்ணே. ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்."

"உள்ள இருக்குற கார்டுக்கு என்ன குறை? நடுவுல கை வைக்கிறவனைத்தான் வெட்டணும்."

வெட்டியும் விட்டார். பாட்டுப் போடும் புரோகிராமுக்கு சவுண்ட் கார்டை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டார். அது கார்டைப் பிடித்துக்கொண்டால் வேறு எந்தச் சத்தமும் கிட்ட வர முடியாது. கம்ப்யூட்டரில் வொலியூமைக் குறைக்கவும் கூடாது, குறைத்தால் எண் மாறிவிடுமாம். அம்ப்ளிஃபயரில்தான் திருக வேண்டும், அந்தத் திருகு இறுகிப்போய்க் கிடக்கிறது. காணி உறுதிப் பத்திரம் கொப்பி எடுக்க வந்த ஏலக்காய் முதலாளி ஒருவர், திடீரென்று எழும்பிய தவில் சத்தத்தில் என் டீயை உறுதிமேல் கொட்டிவிட்டு ஓடினார். அவரைச் சமாதானம் பண்ண நான்தான் பின்னால் ஓடினேன். அண்ணன் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதைவிடக் கொடுமை அவருடைய பரீட்சை. கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்த பாட்டை இன்னொரு மெஷினில் பதிவார். அதிலிருந்து சிடியில் உள்ள பாட்டைக் கழிப்பார். ஒன்றும் மாறாமல் வந்திருந்தால் மிஞ்சுவது வெறும் மௌனம். அந்த மௌனத்தைக் கடைக்கு வருகிறவர்களின் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்க வைப்பார். வஹகோட்டைக் கோயில் பாட்டுக் குழுவை நடத்தும் மாஸ்டர் ஒருவர் திருநாள் பாட்டுகளைப் பதிய வந்து மாட்டிக்கொண்டார். பாவம், ஜெபம் என்று நினைத்துவிட்டார். ஒரு பாட்டு நேரம் முழுவதும் தலை குனிந்து இருந்துவிட்டு, முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்படி மாஸ்டர்?"

"மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்க."

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் தங்கச்சி ஜெயந்தி விஷயத்துக்கு வருகிறேன். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து இப்படி ஒரு வேலைக்குக் கூப்பிடப்பட்ட முதல் பெண் அவள். கம்ப்யூட்டர் வழியாகப் பேச வேண்டும் என்றார்கள், எங்களுக்கு இருப்பது கடைக் கம்ப்யூட்டர்தான். முந்தின நாளே சொன்னேன்: "அண்ணே, நாளைக்குக் காலையில ஒண்ணையும் தொடாதீங்க."

தொடவில்லைதான். பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். பாட்டு நின்றது. புரோகிராம் பிடியை விடவில்லை.

திரையில் ஹோட்டல் மேனேஜர் அம்மா வந்தார், சிங்களத்தில் நோனா. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஜெயந்தி "கேக்கலங்க மேடம்" என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறிச் சொல்கிறாள். நான் வயர்களைப் பிடுங்கி மாட்டுகிறேன், ஸ்பீக்கரில் அறைகிறேன். நோனா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு திரை கறுத்துப்போனது. ஜெயந்தி அங்கேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அண்ணன் கையில் வடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"மனுசனா நீங்க? உங்க பாட்டுல மண்ணு விழ. ஒரு பிள்ளையோட வாழ்க்கையில வெளையாடுறீங்களே." இன்னும் என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் பத்திரிகையில் போட முடியாது. அவர் திரையைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. வடையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை எங்கள் லயத்து வாசலில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் பெட்ஷீட்டில் சுற்றிய பெரிய மூட்டை. உள்ளே கடைக் கம்ப்யூட்டர்.

"கெளம்புங்க. நேர்ல போய்ச் சொல்லுவோம். தப்பு செஞ்சது இதுதான்னு காட்டணும்ல."

ஜெயந்தியோடு மூன்று பேரும் பஸ் ஏறினோம், சீகிரியா வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டிக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் நோனாவே வெளியே வந்துவிட்டார். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதறிப்போனால் வாயில் தமிழைத் தவிர வேறெதுவும் வராது. அதனால் ஜெயந்திதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாட்டு நின்னுச்சுங்க மேடம், புடி நிக்கல. நாற்பத்து நாலாயிரத்து நூறுங்கிறது..." என்று அண்ணன் தமிழில் தொடங்கி, நின்ற இடத்தில் முழுப் பாடமும் நடத்தினார்.

ஜெயந்தி சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: "எங்க கடை மெஷின்ல பிழை நடந்திருச்சு. மன்னிப்புக் கேக்க இவ்வளவு தூரம் வந்திருக்காரு. களைச்சுப்போயிட்டாரு, உக்கார ஒரு கதிரை குடுப்பீங்களா?"

"மேடம், இவ நான் சொன்னத அப்படியே சொல்லல" என்று அண்ணன் பாய்ந்தார்.

"உங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்றாரு" என்றாள் ஜெயந்தி, முகம் மாறாமல்.

அவர் நின்ற நிலையைப் பார்த்தால், அது நன்றி இல்லை என்று நோனாவுக்குத் தெரியாமல் இருக்குமா? சிரித்துவிட்டார். "தினமும் வரவேற்பு மேசைக்கு இதைவிடக் கோபத்தோட ஆளுங்க வருவாங்க, சமாளிப்பியா?" என்று கேட்டபடி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜெயந்தி வெளியே வந்தபோது அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூட்டை அவர் மடியில். பஸ் தம்புள்ளை தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, பிள்ளை எல்லாத்தையும் மாத்தித்தான் சொன்னா."

"ஆமாண்ணே."

"நான் சொன்னதைவிட அது நல்லா இருந்துச்சு."

எனக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் மனிதருக்குக் கால் மரத்துப்போயிருக்கும் என்று தோன்றியது. மூட்டையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.